எட்டு நிமிஷம்

கழற்றி எடுத்த கேண்டில் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆசீர்வாதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் பாலிதீன் உறையைக் கிழித்து அவனே மாட்டியது. மாட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

கேண்டில் என்பது குடிநீர் மெஷினின் முதல் வாசல். நூலை இறுக்கிச் சுற்றியதுபோல ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் குழல். போர் தண்ணீர் மெஷினுக்குள் போகும்போது முதலில் இதன் உடம்பு வழியாகத்தான் ஊறிப் போகவேண்டும். மண்ணும் துருவும் இங்கேயே தங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தண்ணீரில் துரு கொஞ்சம் தாராளம். இரண்டு மாதத்தில் கேண்டில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நாலு மாதம் விட்டால் கத்தியால் சுரண்டிச் சேறு எடுக்கலாம்.

இந்தக் கம்பெனியில் ஒரே நாளில் இரண்டு மெஷின் மாட்டினான். ஒன்று லாரி நிற்கும் லோடிங் ஷெட்டில், லோடுமேன்களுக்கு. இன்னொன்று கார்களுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கிற ஹாலில். அங்கே ஒரு ஷிப்டுக்கு நூற்று நாற்பத்துநாலு பெண்கள். இரண்டுக்கும் ஒரே போர், ஒரே தொட்டி, ஒரே குழாய். லோடிங் ஷெட் கேண்டிலை இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஹாலில் இருப்பது இப்படி.

கேண்டில் சரியாக உட்காராமல் தண்ணீர் பக்கவாட்டில் புகுந்து போயிருக்குமோ என்று அடுத்திருந்த கரி டப்பாவைக் கழற்றினான். புகுந்து போயிருந்தால் துரு அங்கே இருக்கவேண்டும். இல்லை. உப்பைப் பிரிக்கிற மெம்பரேனைப் பார்த்தான், சுத்தம். மிதவையை அமுக்கினான், மோட்டார் ஓடியது. குழாயைத் திறந்தான், ஜில்லென்று தண்ணீர் கொட்டியது. எல்லாம் வேலை செய்தது. வேலை செய்கிற மெஷினில் கேண்டில் அழுக்காகாமல் இருக்க வழியே இல்லை.

"நல்லாத்தான கீது, சர்வீஸ் அட்டையில கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு நைனா" என்றான் செக்யூரிட்டி.

ஆசீர்வாதம் கையெழுத்துப் போட்டான். ஆனால் கேண்டிலைக் குப்பையில் போடாமல் பையில் வைத்துக்கொண்டான். கணக்கு புரியாத சாமானை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவனுக்கில்லை. அதோடு அந்த ஹாலில்தான் அவன் மனைவி ஆரோக்கியமேரி பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். அந்த மெஷினுக்கு ரிப்பன் வெட்டியதும் அவள்தான்.

இப்போது அவள் விடுப்பில் இருந்தாள். கிட்னியில் கல், ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது தடவை. இந்தத் தடவை குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்துவிட்டு வந்தாள். இடது கிட்னி வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. டாக்டரம்மா சிறு பெண், முகத்தைப் பார்த்துப் பேசினாள்: "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. மறுபடி இப்படி வந்தா இந்தக் கிட்னிய என்னால காப்பாத்திக் குடுக்க முடியாது."

ஆசீர்வாதம் காதில் விழுந்தது தண்ணி என்கிற சொல் மட்டும். தண்ணீர் அவன் தொழில். முதல் கல் வந்தபோதே வீட்டில் நல்ல மெஷினாக மாட்டினான். இரண்டாவது கல் வந்தபோது மெம்பரேனை மாற்றினான், உப்பு அளக்கிற பேனாவைத் தினம் இரண்டு வேளை தண்ணீரில் முக்கிப் பார்த்தான். மூன்றாவது கல் வந்த அன்றைக்கு நேராகப் போய் பஞ்சாயத்து டேங்க் ஆப்பரேட்டர் குப்புராஜின் சட்டையைப் பிடித்தான்.

"டேங்க்க கடசியா எப்ப கழுவுன?"

"போன மாசம். இன்னா இப்போ? சட்டைய வுடு."

"எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீறா. உன் தண்ணியாலதான்."

"ஊரே அதத்தான் குடிக்குது நைனா. நானும் அதத்தான் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணியும் இல்ல. உன் ஊட்லதான் மிஷினு வெச்சி வடிகட்டிக் குடிக்கிறீங்க, உங்களுக்குத்தான் கல்லு வருது. நீ உன் மிஷின் சட்டையப் போயிப் புடி."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக அவன் காதிலேயே இருந்தது.

கேண்டிலைக் கழற்றிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வில்லைக்கும் நூல் வரும். அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக் கிண்ணத்து மோரில் போட்டாள். தெருவில் ஒருத்தி விடாமல் வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அடுத்த வீட்டு சின்னப்பொண்ணு மட்டும் பீர் குடித்தால் கரையும் என்று சொல்லி, தன் புருஷன் அந்த வைத்தியத்தைக் கல் வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதாகவும் சொல்லிப் போனாள்.

ஆசீர்வாதம் அடுப்பைப் பற்றவைத்து ரவையை வறுத்தான். கருவாட்டை டாக்டர் நிறுத்தச் சொன்னதிலிருந்து வீட்டில் உப்புமாதான். வறுத்துக்கொண்டே பையிலிருந்த கேண்டிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"உன் கம்பெனி ஹால்ல கழட்னது. ஆறு மாசம் ஓடிக்கீது. பாரு, அழுக்கே இல்ல. எல்லாத்தயும் பிரிச்சிப் பாத்துட்டேன். எங்க தப்புன்னு தெர்ல, மண்ட காயுது."

மேரி கேண்டிலைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எவ குடிச்சா, அது அழுக்காவறதுக்கு."

"இன்னா?"

"எவளும் அத்தக் குடிக்கறதில்ல. கை கழுவறது, வாய் கொப்புளிக்கறதுகூட வெளிக் கொழாயிலதான். அவ்ளோதான்."

அவன் கரண்டியை நிறுத்தினான். "நூத்தி நாப்பத்திநாலு பேருல எவளுக்கும் தாகம் எடுக்காதா?"

"எடுக்கும். குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எங்க போறது?"

அதற்கப்புறம் அவள் சொன்னது எல்லாம் பதினொரு வருஷமாக அதே வீட்டில், அதே பாயில் இருந்துகொண்டு அவன் கேட்காமலிருந்த விஷயம்.

லைன் என்பது நகர்கிற பாதை. அதன் மேல் கதவு அகலத்துக்குப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். ஒரு லைனுக்கு இருபத்துநாலு இடம், இடத்துக்கு ஒரு பெண். பலகை ஒருத்தியின் முன்னால் எழுபது விநாடி இருக்கும். அதற்குள் அவள் தன் பங்கு ஒயர்களைப் பலகையில் பதித்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றிவிட வேண்டும். பிறகு அது அடுத்தவளிடம் போய்விடும், அவளுக்கு அடுத்த பலகை வந்துவிடும். நடுவில் ஒருத்தி இல்லையென்றால் அவள் பங்கை இரு பக்கத்திலும் நிற்கிற இரண்டு பேர் சேர்த்துச் செய்யவேண்டும். எழுபது விநாடியில் ஒன்றரை ஆள் வேலை. இரண்டு பலகை தாங்குவார்கள். மூன்றாவதில் லைன் நின்று தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். குறைந்ததை ஷிப்ட் முடிந்த பிறகு நின்று முடித்துக் கொடுக்கவேண்டும். மொத்த லைனும் நிற்கவேண்டும், பஸ் போய்விடும்.

"லைனப் பாத்துக்கற லீடர் டேபிள்ல ஒரு சேப்பு அட்ட தொங்கும். வெளிய போறவ அத்த மாட்டிக்கினுதான் போணும். லைனுக்கு ஒரே அட்ட. நீ அத்த எடுத்தாலே பக்கத்துல நிக்கறவ மொறப்பா. 'இப்பதான போன, சக்கர வியாதியா'ன்னு கேப்பா. நானும் கேட்டுக்கீறேன். போன வருசம் அந்த விக்டோரியாப் பொண்ண நானே கேட்டேன். முழுவாம இருந்தா அவ."

"நாஷ்டாக்கு வுடுவாங்களே, அப்ப போறது."

"இருவது நிமிசம். இருக்கறது மூணு கக்கூசு. நூத்தி நாப்பத்திநாலு பேரு. நீதான் கணக்குல புலியாச்சே, போடு."

அவன் போட்டான். ஒருத்திக்கு இரண்டரை நிமிஷம் என்றால் ஒரு கக்கூசில் எட்டுப் பேர், மூன்றிலும் இருபத்துநாலு. மீதி நூற்றிருபது பேர் சாப்பிடாமலேயே வரிசையில் நிற்கும்போது மணி அடித்துவிடும்.

"அதான். காலைல நாலு மணிக்கு ஊட்ல ஒரு வாய் காபி. அப்பால ரெண்டு மணிக்கு பஸ்ஸ வுட்டு எறங்கறவரிக்கும் ஒண்ணியும் இல்ல. எல்லாரும் அப்டித்தான். புதுசா வர பொண்ணுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம், தண்ணி குடிக்காத, பழகிரும்னு."

உப்புமா அடிப்பிடித்து வாசம் வந்தது. ஆசீர்வாதம் அடுப்பை அணைத்தான்.

அவன் வாடிக்கையாளர்களில் ஒரு ரகம் உண்டு. மெஷினின் கழிவுக் குழாயில் தண்ணீர் போவதைப் பார்த்தால் அவர்களுக்கு வயிறு எரியும். யாருக்கும் தெரியாமல் அந்தக் குழாயின் திருகை இறுக்கி அடைத்துவிடுவார்கள். மெம்பரேன் உப்பைப் பிரித்துப் பிரித்து வைக்கும். அதை அடித்துக்கொண்டு போகத் தண்ணீர் வராது. உப்பு அங்கேயே உட்கார்ந்து காய்ந்து கல்லாகும். ஆறு மாதத்தில் மெம்பரேன் பாழ். அப்படிப்பட்டவர்களை அவன் வாசலில் நின்றே திட்டுவான்: போற தண்ணி வீண் இல்ல சார், அதுதான் மெஷின உயிரோட வெச்சிருக்கு.

ஊருக்கெல்லாம் சொன்னான். வீட்டில் உப்பு அளக்கிற பேனாவை முக்கிக்கொண்டிருந்தான். எந்தத் தண்ணி குடிக்கிறாய் என்று நூறு தடவை கேட்டவன், எப்போது குடிக்கிறாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தன்மேல் ஏறிய கோபத்தை வழக்கம்போல அவள் பக்கம் திருப்பினான்.

"அப்பறம் இன்னாத்துக்குடி தண்ணி மிஷினு கேட்டீங்க? உங்களுக்கு இன்னா வேணும்னு கூட்டத்துல அந்த கம்பெனி சாரு கேட்டாருல்ல? நீதான எழுந்து நின்னு சொன்ன? நீதான ரிப்பன் வெட்டின?"

"நான்தான். இப்ப இன்னான்ற?"

"கக்கூசு வேணும்னு கேக்க வேண்டியதுதான?"

"கேப்ப நீ. அந்த ரூமுல ஆறு ஆம்பள உக்காந்துக்கினு கீறானுங்க, போட்டோக்காரன் வேற. அவனுங்க முன்னாடி, எங்களுக்கு ஒண்ணுக்குப் போணும்னு நான் எழுந்து சொல்லணும். அதுக்கு முந்தின வாரந்தான் ஒரு பொண்ணு வெய்யிலுக்கு மயக்கம் போட்டு வுழுந்துச்சி. நர்ஸம்மா தண்ணி குடிக்கலன்னு சொல்லுச்சி. எல்லாரும் கூடிப் பேசுனோம். தண்ணி குடிக்காததால வுழுந்தா, அதனால தண்ணி மிஷினு. எங்களுக்கு அதுதான் வேணும்னு மெய்யாலுமே நெனச்சோம். ஜில்லுனு வரணும்னுகூட சேத்து எழுதுனோம். ஏன் குடிக்கலன்னு எவளும் கேக்கல, நானும் கேக்கல."

வாழைத்தண்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எவன்மேல கோவப்படறதுன்னே தெர்ல போ" என்றாள். "கேட்டாங்க, சொன்னோம், குடுத்துட்டாங்க. எம்மேலதான் கோவம். ஒரு முண்டமாட்டம் கைதட்டிக்கினு நின்னேன்."

ஆசீர்வாதம் அடிப்பிடிக்காத உப்புமாவை வழித்து அவள் தட்டில் வைத்தான். தீய்ந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டான். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு அவன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திருத்தினாள், போக வர எத்தனை அடி, தொப்பியும் கையுறையும் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் என்று.

அடுத்த திங்கட்கிழமை மேரி வேலைக்குத் திரும்பினாள். கம்பெனி கோரிக்கை கேட்கிற அரையாண்டுக் கூட்டமும் அந்த வாரமே வந்தது. முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். கேன்டீன் மெஷினுக்கு அன்றைக்குத்தான் சர்வீஸ் என்று ஆசீர்வாதம் தானே தேதி போட்டுக்கொண்டு வந்திருந்தான். மூலையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து, கழற்றியதையே மறுபடி கழற்றிக்கொண்டிருந்தான்.

மனிதவள அதிகாரி சரவணகுமார் நல்ல பையன், முப்பது வயதிருக்கும். "போன தடவை வாட்டர் கூலர் கேட்டீங்க, வந்துருச்சு. இந்தத் தடவையும் ஒரே ஒரு கோரிக்கை. உங்க தேவை என்னன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றான்.

கூட்டம் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தது. "ஏசி பஸ்ஸு சார்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. கைதட்டினார்கள். அவன் எழுதப் போனான். மேரி எழுந்தாள்.

"சார், பஸ்ஸு வேணாம்."

"மேரிக்கா, உனக்கு வேணாம்னா நீ நடந்து போ" என்றாள் சந்திரகலா. ஐந்தாவது லைன்காரி, ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள். "எனக்கு வேணும். ஊடு போறதுக்குள்ள வேர்த்து ஊத்துது."

"உனக்கு வேர்வையாவது வருது. எனக்கு ஒண்ணுக்கு ரத்தமா வருது."

தட்டு கழுவுகிற சத்தம்கூட நின்றது. சரவணகுமார் பேனாவை மூடினான். "அக்கா, இது ஹெல்த் விஷயம். நாம தனியா..."

"தனியாத் தனியா மூடி வெச்சதாலதான் சார் இந்த மிஷின் வந்துது. இது சும்மா நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எவளும் குடிக்கல. குடிச்சா போணும். போனா லைன் நிக்கும். ஒரு லைனுக்கு ஒரே அட்ட. இத்தச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஜில்லுன்னு தண்ணி கேட்டோம். இப்பயும் வெக்கப்பட்டுக்கினு பஸ்ஸு கேக்கறோம். எங்களுக்கு வேண்டியது எட்டு நிமிசம். ஷிப்டுக்கு ரெண்டு தடவ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேரி அந்தப் பக்கம் திரும்பினாள். "சிரி. எனக்கும் உன் வயசுல சிரிப்பு வந்துது. இங்க எத்தினி பேருக்கு எரிச்சல் கீது? எத்தினி பேரு மெடிக்கல்ல மாத்திர வாங்கி ஊட்டுக்காரருக்குத் தெரியாம முழுங்குறீங்க? கையத் தூக்க வேணாம். தலையக் குனிஞ்சிக்கங்க, போதும்."

ஏற்கெனவே பாதித் தலைகள் குனிந்துதான் இருந்தன.

"நியாயம்தாங்க்கா. ஆனா எக்ஸ்ட்ரா ஆள் போடறது என் கையில இல்ல" என்றான் சரவணகுமார். "லைனுக்கு ஒருத்தர்னா ஆறு பேர். அதுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும். பஸ்ஸுன்னா நானே பண்ணிடலாம்."

"ஆள் போட வேணாம். ஆள் கீது. இருவத்திநாலு வேலயும் தெரிஞ்சவ ஒருத்தி லைனுக்கு லைன் சும்மா நின்னுக்கினுதான் கீறா, அட்டைக்குக் காவலா."

எல்லாக் கண்களும் லீடர்கள் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்குப் போயின. மேரியின் லைன் லீடர் திலகவதி எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"யாருடி சும்மா நிக்கறது? ஒம்போது வருசம் நானும் பலகையில நின்னேன். முட்டி தேஞ்சி போயி நின்னேன். மறுபடி என்னைக் கொண்டாந்து டேப் சுத்தச் சொல்றியா, நேத்து வந்தவளுக்குப் பதிலா?"

"ஆமாங்க்கா."

"முடியாது. நான் லீடர் ஆனதே எதுக்குன்னு நெனச்ச? சம்பளம் ஒசந்துதா? இல்ல. மரியாதையா? நீங்கள்லாம் பின்னாடி இன்னா பேசுறீங்கன்னு எனக்குத் தெரியும். நெனச்சப்ப போயிட்டு வரலாம். அதுக்குத்தான். அதுக்குத்தான் ஒம்போது வருசம்..."

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். தான் சொன்னதைத் தானே இப்போதுதான் கேட்டவள்போல மேரியைப் பார்த்தாள். பதவி என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு காலமும் ஆசைப்பட்டிருக்கிறாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை இப்போது யாரும் பார்க்கவில்லை.

மேரி காலண்டர் தாளைப் பிரித்தாள். "ஷிப்டு நானூத்தி எம்பது நிமிசம். டீ, நாஷ்டா நாப்பது போச்சி. மீதி நானூத்தி நாப்பது. ஒருத்திக்கு எட்டு நிமிசம்னா இருவத்திநாலு பேருக்கு நூத்தி தொண்ணூத்தி ரெண்டு. ரெண்டு சுத்துக்கு முந்நூத்தி எம்பத்திநாலு. லைன் நிக்காது, எண்ணிக்க கொறையாது. எழுதறதுக்கும் கணக்குக்கும் லீடருக்கு இன்னும் அம்பத்தாறு நிமிசம் கீது."

"அந்த அம்பத்தாறுலதான் நாங்க போவணுமா?" என்றாள் இன்னொரு லீடர்.

"அதுல நீ ஏழு தடவ போலாம்க்கா."

இந்தத் தடவை கேன்டீன் முழுக்கச் சிரித்தது. சந்திரகலாவும் சிரித்தாள், பிறகு எழுந்து, "பஸ்ஸ அடுத்த வாட்டி கேப்போம் சார்" என்றாள்.

சரவணகுமார் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தான். அவனுக்கும் கணக்கு சரியாக வந்தது. "ஒரு வாரம் ஒரு லைன்ல பாக்கலாம். எண்ணிக்கை கொறஞ்சா விட்டுடுவேன். எந்த லைன்?"

முதல் வரிசையிலிருந்து திலகவதியின் குரல் கரகரவென்று வந்தது.

"எங்க லைன். அப்பறம் அந்த சேப்பு அட்டைய நீங்களே வெச்சிக்கங்க சார், எனக்கு வேணாம்."

மூலையில் ஆசீர்வாதம் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மேரி அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒரு வாரத்தில் எண்ணிக்கை குறையவில்லை. மூன்றாவது வாரம் ஆறு லைனுக்கும் அதே ஏற்பாடு வந்தது. அது இப்படித்தான் நடக்கிறது. ஷிப்ட் மணி அடித்ததும் லீடர் முதல் இடத்துக்கு வந்து ஒயரைக் கையில் வாங்கிக்கொள்கிறாள். அங்கே நின்றவள் யாரையும் கேட்காமல் போகிறாள், எட்டு நிமிஷத்தில் திரும்புகிறாள். லீடர் இரண்டாவது இடத்துக்கு நகர்கிறாள். இருபத்துநாலாவது இடம் முடிந்ததும் மறுபடி முதலிடம். போக வேண்டியதில்லை என்கிறவள் அந்த எட்டு நிமிஷம் கைகளைத் தொங்கவிட்டு உட்காரலாம், ஆனால் தன் முறையை விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுக்கொடுக்க ஆரம்பித்தால் நல்லவள் என்று பெயரெடுக்க எல்லோரும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று மேரி அதைத் தனி விதியாகவே எழுதச் சொன்னாள். லைன் நிற்பதில்லை.